பழைய நம்பர்

கணபதி அந்தப் போனைக் கெடுக்க வேண்டுமென்று தொடவில்லை. கிரிக்கெட் பார்க்கத்தான் தொட்டான். ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை முடித்து வந்தவன் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுவிட்டு, பிளேன்டீயைக் கையில் பிடித்தபடி அலமாரிக்கு மேலே பார்த்தான். டச் போன் அங்கே இருந்தது. அது மகள் தனுஜாவுடையது. அவள் தண்ணீர் விழும் பீலிக்குத் துணி அலசப் போயிருந்தாள். மனைவி விஜயலெட்சுமி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால்தான் போன் திறக்கும். மகள் இழுப்பதைத் தள்ளி நின்று பார்த்திருந்த தைரியத்தில் அவனும் இழுத்தான். திறக்கவில்லை. தலைகீழாக இழுத்தான். குறுக்கே இழுத்தான். சற்றுப் பொறுக்கச் சொல்லி எழுத்து வந்தது. எழுத்து இங்கிலீசில் இருந்ததால் அதை அவன் பொருட்படுத்தவில்லை. கடைசியில் எதுவும் ஆகாமல் போக, மகள் வருவதற்குள் சரிபண்ணி எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று தெமோதரை ரயில் நிலையத்துக்குக் கீழே ரீலோட் போடும் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரன் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்தான். போன் நடுங்கி அணைந்து, எரிந்து, வாங்கிய நாளில் இருந்த பூப் படத்தோடு வந்து எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"புதுசு மாதிரி ஆயிருச்சுண்ணே" என்றான் கடைக்காரன். அடுத்த நிமிடமே அவன் முகம் மாறியது. இதற்கு முன் இந்தப் போனில் இருந்த கணக்கைப் போடு, அப்போதுதான் உள்ளே விடுவேன் என்று போன் நின்றுவிட்டது. அவனுக்குத் தெரிந்த வித்தை அத்தோடு முடிந்தது. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தான். காசு வாங்காததில்தான் கணபதிக்குக் காரியம் கெட்டுவிட்டது புரிந்தது.

தனுஜாவுக்குக் காது கேட்காது. சின்னதில் வந்த காய்ச்சலோடு போனது. பேச்சும் வரவில்லை. விடுதியில் தங்கிக் காது கேட்காதவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் படித்தாள், பதுளையில் தையல் பழகினாள், இப்போது வரிசை வீடுகளான லயத்தில், தங்கள் காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் மெஷினைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறாள். அளவு சொல்ல வருகிறவர்கள் வாயால் சொல்லிவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டு கையால் காட்டுவார்கள். அப்பன் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தவள் அழவில்லை. மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த விஜயலெட்சுமி அந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். கைகளை ஒளித்துக்கொண்டாள் என்றால் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

"எதுக்குத் தொட்டீங்க?"

"அது பாட்டுக்கு இருந்துச்சு. தொட்டேன்."

"அது பாட்டுக்குத்தான் கரண்டு கம்பியும் இருக்கு. போய்த் தொடுறது."

அந்தப் போனுக்குள்தான் ஜெயரூபன் இருந்தான். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவனுக்கும் காது கேட்காது. தையல் பழகிய இடத்துக்குப் பக்கத்திலேயே அவனும் ஏதோ தொழில் பழக வந்திருக்கிறான். இப்போது கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை. இந்த வீட்டில் அவனுக்குப் பெயர், புருவத்தை விரலால் ஒரு கீறு கீறுவது. அங்கே அவனுக்கு ஒரு தழும்பு உண்டு. பின்னேரம் வெளிச்சம் மங்குமுன் தனுஜா இஸ்தோப்புத் தூணில் போனைச் சாய்த்துவைத்து அவனோடு கையால் பேசுவாள். கை தெரிய வெளிச்சம் வேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வருகிறேன் என்றிருந்தான். எந்த ஞாயிறு என்று முடிவாகவில்லை. அதற்குள் போன் பூட்டிக்கொண்டது.

அவனுடைய நம்பர் யாருக்கும் தெரியாது. காதால் கேட்டுப் பேசுகிறவர்களுக்குத்தான் நம்பர் வாயில் நிற்கும். தனுஜாவுக்கு அவன் நம்பர் ஒரு படம். தொட்டால் அவன் முகம் வரும். அவன் கூப்பிட்டுக் கேட்பதற்கும் வழியில்லை. அதற்குக் காரணம் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் இருந்தது. அப்போது பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்த இடத்தில், ஒரு கம்பெனியின் ஆட்கள் குடை விரித்து சும்மா சிம் கொடுத்தார்கள். டேட்டாவும் சும்மா. தோட்டமே வரிசையில் நின்றது. பழைய சிம்களைக் கழற்றிச் சாக்கடைக் கானில் போட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடியது, ஒருவரும் மாற்றவில்லை. ஓடுகிற வரைக்கும் எதற்கு மாற்ற வேண்டும்? தோட்டத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான், சிம் ஒன்று, வாட்ஸ்அப் வேறொன்று. இப்போது போன் அழிந்ததும் அந்தப் பழைய நம்பருக்குக் கோட் வந்தால்தான் வாட்ஸ்அப்பும் திரும்பும். ஜெயரூபனிடம் இருந்ததும் அதே பழைய நம்பர்தான். அது இப்போது யார் கையிலோ.

ஹல்துமுல்லைக்கு ஒரு நடை போய்ப் பார்த்தால் என்ன என்று விஜயலெட்சுமி வாயைத் திறக்கக்கூட இல்லை. அதற்குள் கணபதி சொன்னான்.

"அங்கன போயி எந்தத் தோட்டத்துல நிப்ப? காது கேக்காத பையன் வீடு எதுங்கன்னு லயம் லயமா கேப்பியா? மாப்பிள்ளைய பொண்ணு வீட்டுக்காரங்க தேடி அலையுறாங்கன்னு அந்தப் பொம்பளைங்க கைதட்டிச் சிரிக்கும்."

"நான் போறேன்னு சொன்னேனா?"

"மூஞ்சி சொல்லுது."

"மூஞ்சியப் படிக்கிற ஆளு, போன்ல வந்த எழுத்தப் படிச்சிருக்கலாம்."

ஆனாலும் அவன் சொன்னது சரிதான். பெண் வீட்டார் முதலில் படியேறுவது அவர்களிடம் வழக்கமில்லை. ஏறிவிட்டால் பிறகு அந்தப் பெண் புருஷன் வீட்டில் தலை நிமிர முடியாது.

இன்னொன்றும் இருந்தது. அதை விஜயலெட்சுமி யாரிடமும் சொல்லவில்லை. போன் பூட்டிக்கொண்டது அவளுக்குள் ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது. பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்காத காது நாலு இருக்கும் வீட்டில் பிள்ளை பிறந்தால், அது அழுவது யாருக்குக் கேட்கும்? இருட்டில் வீரிட்டு அழும் ஒரு பச்சைப் பிள்ளையும், பக்கத்திலேயே நிம்மதியாகத் தூங்கும் தாய் தகப்பனும் அவள் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். தெய்வமே பார்த்து ஒரு தடை போட்டிருக்கிறதோ என்றுகூட நினைத்தாள். மறுநாள் கொழுந்து பறிக்கும்போதும் அதே நினைப்புத்தான். கை தானாகப் பறித்தது. முற்றல் இலை சேர்ந்துவிட்டது என்று நிறுவையில் கணக்கப்பிள்ளை ஏசினார்.

தனுஜா சோறு தின்றாள், மெஷின் மிதித்தாள், யாரையும் பார்க்கவில்லை. கைகள் அக்குளை விட்டு வெளியே வந்ததெல்லாம் தைக்க மட்டும்தான். ஒரு வாரம் போய், அடுத்ததும் பாதி போனது. அதற்கு மேல் விஜயலெட்சுமியால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினாள்.

போன் வாங்கிய கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கடைக்காரர் ஹிஷாம், மூக்கில் கண்ணாடி சரிந்த, அவசரப்படாத மனிதர். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கட கடைப் போன்தான் என்றார்.

"வாங்கின நேரம் நாங்கதான் ஈமெயில் ஒண்டு செஞ்சு குடுத்தீப்பம், அக்கா. மகள்ட பேரும் அப்ப ஈந்த நம்பரும் சேத்து. பாஸ்வேட்ட பெட்டி மூடியில எழுதித் தந்தீப்பம்."

பெட்டி மழைக் காலத்தில் அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது. ஹிஷாம் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் பெட்டி அடுப்புக்குத்தான் போகிறது என்றார்.

இரண்டு வழி இருக்கிறது என்று அவர் விளக்கினார். ஒன்று, கணினியில் மாட்டிப் பூட்டை உடைத்துத் தருவது. அரைமணி நேர வேலை. போன் ஓடும், பாட்டுக் கேட்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம். ஆனால் பழைய கணக்கு இல்லாததால் பழைய நம்பர்களும் படங்களும் வராது. இரண்டாவது, அந்தக் கணக்கையே மீட்பது. மீட்டால் எல்லாம் வரும். ஆனால் அதற்கான கோட் பழைய நம்பருக்குத்தான் போகும்.

விஜயலெட்சுமி மகளிடம் திரும்பிக் கையால் சொன்னாள். உடைத்தால் போன் உண்டு, அவன் இல்லை. முதல் முறையாகத் தனுஜாவின் கைகள் வெளியே வந்தன. போனைக் காட்டி, வேண்டாம் என்று வீசினாள். புருவத்தைக் கீறினாள். அதுதான் வேண்டும்.

"மகள் எனத்தையாம் செல்லுறா?" என்றார் ஹிஷாம்.

"ஒடைக்க வேணாங்கிறா."

பழைய நம்பர் விஜயலெட்சுமிக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல ஹிஷாம் தன் போனில் அழுத்தினார். மணி போனது. ஒரு பெண் எடுத்தாள். ஹிஷாம் மரியாதையாகத்தான் தொடங்கினார். கோட் என்ற சொல் வந்ததும் அந்தப் பக்கம் குரல் ஏறியது: பேங்கில் சொல்லியிருக்கிறார்கள், உம்மா கேட்டாலும் கோட் கொடுக்கக் கூடாதாம், வெட்கமில்லையா, உழைத்துத் தின்னக்கூடாதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஹிஷாம் போனை மேசைமேல் வைத்தார்.

"அவ செல்றது ஞாயந்தான். நானும் குடுக்க மாட்டேன்."

விஜயலெட்சுமி தன் பட்டன் போனை எடுத்துத் தானே கூப்பிட்டாள். நான் தெமோதரையில் தோட்டத்தில் வேலை செய்கிற பொம்பிளை, அந்த நம்பர் முந்தி எங்களுடையது, என் மகளுக்குக் காது கேட்காது என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"மொகத்தப் பாக்காம நான் ஒண்டும் குடுக்க மாட்டேன். ஏலுமெண்டா வாங்க. வெலிமடையில எறங்கி, லீக்ஸ் கழுவுற ஸஜீதாட கொட்டில் எங்க எண்டு கேட்டா காட்டுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகும்முன் தாயும் மகளும் புறப்பட்டார்கள். ஹாலிஎலயில் இறங்கி வெலிமடை பஸ் பிடித்தார்கள். தேயிலை முடிந்து மரக்கறித் தோட்டங்கள் தொடங்கின. படி வெட்டின சரிவுகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் ஈரத்தில் பளபளத்தன. பஸ்ஸில் உரம் மணத்தது. தனுஜா ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு அம்மாவின் முழங்கையைத் தட்டினாள். அவளுடைய கை கேட்டது: கிடைக்காமல் போனால் உனக்குச் சந்தோஷம், இல்லையா?

விஜயலெட்சுமி பொய் சொல்லலாம் என்று பார்த்தாள். கையால் பொய் சொல்வது கஷ்டம்; முகமும் சேர்ந்து சொல்ல வேண்டும். அதனால் உள்ளதைச் சொன்னாள். பிள்ளையைத் தாலாட்டுவது போல் கையை ஆட்டினாள், கன்னத்தில் கண்ணீரை இழுத்தாள், தன் காதையும் மகளின் காதையும் தொட்டுக் கையை விரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். தனுஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்ச வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொட்டில் என்பது நாலு தூணும் தகரமும். நடுவே சிமெண்டுத் தொட்டி, அதற்குள் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஸஜீதா ஐம்பதைத் தாண்டிய, தோள் அகன்ற பெண். முக்காட்டை இழுத்துப் பின்னால் முடிந்துகொண்டு, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸின் வேரை வெட்டி, மண்ணைக் கழுவி, கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். லொறி பின்னேரம் வரும். வந்தவர்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இருங்க என்று பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறேன். இந்த நம்பர் எனக்கு வந்த நாளேலேந்து ஒரு மனுசன் கோல் எடுக்கிறாரு. எடுத்த ஒடனே ஆட்டப் பத்தித்தான் பேச்சு. அது ஆரு?"

விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்க பெரியத்தான். பண்டாரவளைப் பக்கம் இருக்காரு. நம்பர மாத்துங்கத்தான்னு எத்தன தடவ சொன்னேன். எங்க ஆடு குட்டி போட்டா ஒண்ணு தாறேன்னு சொல்லியிருந்தோம்."

"போட்டிச்சா?"

"ரெண்டு போட்டுச்சு. ஒண்ணு செத்துப்போச்சு."

"அதத்தான் அந்த மனுசனுக்கு ஒருத்தரும் செல்ல இல்ல. எனக்கிட்ட சண்ட பிடிக்கிறாரு, ஏமாத்திட்டியாம்." ஸஜீதா கத்தியை வைத்தாள். கையைக் கழுவிச் சட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தகரத்தில் மாட்டியிருந்த பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்தாள். "சரி. எனத்த செய்யணும்?"

விஜயலெட்சுமி ஹிஷாமைக் கூப்பிட்டாள். அவர் கடையிலிருந்து எதையோ அழுத்தினார். மூன்று பெண்களும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தனுஜா தன் விரல்களை அதன் முதுகில் வைத்திருந்தாள். அது அதிர்ந்ததை முதலில் அறிந்தவள் அவள்தான். கோட் வந்தது. ஸஜீதா இலக்கம் இலக்கமாக வாசித்தாள், விஜயலெட்சுமி போனுக்குள் திருப்பிச் சொன்னாள். சரி, கணக்குத் திறந்துவிட்டது, புதுப் பாஸ்வேட்டும் போட்டாச்சு என்றார் ஹிஷாம். ஆனால் போன் உடனே நம்பாது, ஒரு நாள் போகவேண்டும், நாளைக்குப் பின்னேரம் போட்டுப் பாருங்க என்றார்.

போனை மூடப்போன ஸஜீதா நிறுத்தினாள். திரையைக் கீழே தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இந்தப் புள்ளைட பேரு தனுவா?"

"தனுஜா."

"அல்லாவே." அவள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு பொடியன் இதுக்கு மெசேஜ் அனுப்பினான். ரெண்டு கெழமையா. நான் நெனச்சேன் எவனோ வெளையாடுறான் எண்டு. நான் மய்யத்தான மனுசண்ட பொஞ்சாதி, எனக்கு இப்பிடி வரலாமா. மகன் மிப்ரானுக்கிட்டக் காட்டினேன். அவன் ஏசி ஒண்டு போட்டுட்டான்."

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். விஜயலெட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது. தனுஜா எட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். ஆனாலும் தாய்க்காக ஸஜீதா சத்தமாக வாசித்தாள். முதலில் கூச்சத்தோடு, பிறகு மெதுவாக.

தனு போன் ஏன் இல்லை. தனு காய்ச்சலா. நான் பிழை என்ன செய்தேன். ஞாயிறு அம்மா அப்பா வரும், சரியா சொல். வேண்டாம் என்றாலும் சொல், சும்மா இருக்க வேண்டாம்.

அதற்குக் கீழே மிப்ரான் போட்டது: இனி அனுப்பினால் பொலிசுக்குப் போவோம்.

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஸஜீதா அதையும் வாசித்தாள். "'சரி. மன்னிக்கவும். இனி அனுப்பமாட்டேன். தனு நல்லா இருக்கணும்.' அவ்வளவுதான் ஈக்கி."

தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. விஜயலெட்சுமி அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அவன் தூணில் சாய்த்த போனுக்குள் அசையும் இரண்டு கைகள், ஒரு தழும்பு, அவ்வளவுதான். அவன் இப்போது தானாகவே விலகிவிட்டான், மரியாதையாக. கோபம்கூட இல்லை. ஒன்றும் செய்யாமல் பஸ் ஏறிவிட்டால் போதும். அவளுடைய பயமும் அதோடு போய்விடும். எல்லாம் தானாக முடிந்தது போலாகிவிடும்.

தனுஜா போனைக் கேட்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தாயைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, ஒங்க போன்ல இருந்து ஒண்ணு எழுதுவீங்களா?" என்றாள் விஜயலெட்சுமி.

"செல்லுங்க."

"நான் தனுஜாவோட அம்மா. இந்த நம்பர் இப்ப வேற ஆளுங்களுது. ஏசினது நாங்க இல்ல. போன் கெட்டுப்போய்க் கெடந்துச்சு, நாளைக்கு சரியாயிரும்."

ஸஜீதா பட்டன்களை அழுத்தி எழுதினாள். ஒரு எழுத்துக்கு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. "இன்னும் எனத்த?"

விஜயலெட்சுமி தகரத்தின் விளிம்பில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள். "வாற ஞாயித்துக்கிழமை அம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. நாங்க வீட்லதான் இருப்போம்."

அம்மா சொன்னது தனுஜாவுக்குக் கேட்கவில்லை. ஸஜீதாவின் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்த்துத்தான் அறிந்தாள். ஞாயிறு என்று வந்தபோது அவள் மூச்சு ஸஜீதாவின் முக்காட்டில் பட்டது. பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதில் வரவில்லை. வேலையில் இருப்பான் என்றாள் ஸஜீதா. தன் வீட்டுக்குள் போய் ரொட்டியும் கிழங்குக் கறியும் கொண்டுவந்து வைத்தாள். தின்றபின் தாயும் மகளும் சும்மா இருக்கவில்லை. லொறிக்கு நேரமாகிவிட்டதென்று வேர் வெட்டிக் கொடுத்தார்கள். தனுஜாவின் கை வேகத்தைப் பார்த்து, இந்தப் புள்ளைய விட்டுட்டுப் போங்க என்றாள் ஸஜீதா. புறப்படும்போது ஒரு கட்டு லீக்ஸைத் திணித்துவிட்டு, பதில் வந்தால் எந்த நேரமென்றாலும் கோல் எடுக்கிறேன் என்றாள். மிப்ரானைப் பற்றி மட்டும், அவன் நல்லவன், கை கொஞ்சம் அவசரம் என்று சொன்னாள்.

அன்றைக்கு கோல் வரவில்லை. திங்கட்கிழமை காலையிலும் வரவில்லை. மலையில் விஜயலெட்சுமி பட்டன் போனைச் சேலைக்குள் செருகிக்கொண்டு பறித்தாள். மழை தூறியது. இடுப்பைச் சுற்றிய றெட்டுத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அட்டையை உதறிக்கொண்டு, அவன் அந்தப் பேக்கரியை விட்டே போய்விட்டானோ, பழைய நம்பரில் வருவதைப் பார்க்காமலே அழித்துவிட்டானோ என்று ஒவ்வொன்றாக நினைத்தாள். பயம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்ததை அவளே கவனித்தாள்.

பின்னேரம் மழை விட்டது. கணபதி வேலைக்குப் போகாமல் நேரம் பார்த்து உட்கார்ந்திருந்தான். தனுஜா கணக்கையும் பாஸ்வேட்டையும் எழுத்து எழுத்தாகப் போட்டாள். போன் யோசித்தது. ஒரு வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு எந்தச் சத்தமுமில்லாமல் விலகி உள்ளே விட்டது. கொஞ்ச நேரத்தில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன: தையல் வகுப்பு, ஆட்டுக்குட்டி, கணபதி வாயைத் திறந்துகொண்டு தூங்கும் படம். நம்பர்கள் வந்தன. அவற்றுக்குள் புருவத் தழும்போடு ஒரு முகம் இருந்தது.

"தொறந்துருச்சா?" என்றான் கணபதி.

"நீங்க கிட்ட வராதீங்க" என்றாள் விஜயலெட்சுமி.

வாட்ஸ்அப்பை இந்தத் தடவை இப்போதுள்ள நம்பரிலேயே போட்டாள் தனுஜா. அவனுக்கு வீடியோ கோல் போட்டாள். தெரியாத நம்பர், அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அப்போது அவள் போனைத் தூணில் சாய்த்துவைத்து, தன் முகத்துக்கு முன்னால் விரலை உயர்த்திப் புருவத்தைக் கீறுகிற மாதிரி ஒரு படம் பிடித்து அனுப்பினாள். அந்தப் பெயரை அப்படிச் சொல்வதற்கு உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

போன் உடனே அதிர்ந்தது.

ஜெயரூபன் மா படிந்த ஏப்ரனோடு நின்றான். பின்னால் தட்டுத் தட்டாகப் பாண். இருவரும் ஒரே நேரத்தில் கையை வீசினார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் பார்க்கவில்லை, நிறுத்தினார்கள், சிரித்தார்கள். ஸஜீதாவின் செய்தி வந்ததாம். முன்பு ஏசினவர்களே வேடிக்கை பண்ணுகிறார்கள் என்று நம்பாமல் இருந்தானாம். கணபதி பொறுக்கமாட்டாமல் மகளின் தோளுக்கு மேலே எட்டி, "தம்பி, சௌக்கியமா இருக்கீங்களா?" என்று அடுத்த லயத்துக்குக் கேட்கும்படி கத்தினான். விஜயலெட்சுமி அவனை இழுத்துவிட்டுத் தான் முன்னால் வந்தாள்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்துக் கைப்பேச்சு தெரியாது, வீட்டுக் கைப்பேச்சுத்தான். அது போதுமா என்று தெரியவில்லை. பஸ்ஸில் மகளிடம் கையால் சொன்னதையே அவனிடமும் கேட்டாள். பிள்ளையை ஆட்டினாள். கண்ணீர் இழுத்தாள். காதைத் தொட்டுக் கையை விரித்தாள். தனுஜா அம்மாவைத் தடுக்கக் கையை உயர்த்தி, பிறகு இறக்கிக்கொண்டாள்.

அவன் கோபிக்கவில்லை. யோசித்தான். பிறகு தன் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பேக்கரி முழுவதும் ஆடியது. பாண் வேகும் அடுப்பான போறணைக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புப் பல்பு தொங்கியது. அதிலிருந்து வந்த வயரை மணியடிக்கும் பெட்டி வரைக்கும் விரலால் காட்டினான். பாண் வெந்து மணி அடித்தால் மற்றவர்கள் கேட்பார்கள். தனக்குப் பல்பு எரியும். தானே மாட்டியது என்று நெஞ்சில் தட்டினான். பாண் கருகுவதில்லை என்று தலையாட்டினான். பிறகு பிள்ளையை ஆட்டினான், சின்ன வாயைத் திறந்து அழுதான், மேலே கையைக் காட்டி ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடினான். பல்பு எரிகிறது. கடைசியாக விரலைத் திரைக்கு வெளியே, நேராக அவளை நோக்கி நீட்டி, தன் காதைத் தொட்டுச் சிரித்தான். பல்பு எரியாமல் போனால் நீங்கள் இருக்கிறீர்களே.

"பையன் என்னமோ கரண்டு வேலை சொல்றான்" என்றான் கணபதி.

"புரியுது" என்றாள் விஜயலெட்சுமி. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இருட்டினால் கை தெரியாது. அவசரமாக வழி சொல்லத் தொடங்கினாள். ஹல்துமுல்லையிலிருந்து பஸ்ஸில் அப்புத்தளை, அங்கிருந்து ரயில். ரயிலை இரண்டு முழங்கையாலும் ஓட்டிக் காட்டினாள். தெமோதரையில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்குக் கீழே குகைக்குள் நுழைந்து பதுளைக்குப் போய்விடும். புது ஆட்கள் பலர் அப்படிப் போயிருக்கிறார்கள். ஒரு கையை ஸ்டேஷனாக நீட்டிவைத்து, மற்றக் கை விரலைச் சுற்றி வளைத்துக் கீழாலே கொண்டுபோனாள்.

ஜெயரூபன் அதைத் திருப்பிச் செய்தான். ரயில் வந்தது, சுற்றியது, கைக்குக் கீழே போனது. கீழே போகும்போது மேலே நிற்கும் அவர்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனான்.

தனுஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விஜயலெட்சுமி தலையை ஆட்டி மறுத்தாள், அப்படி இல்லை, அப்படி இல்லை. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிவந்து, ஸ்டேஷன் கைக்கு மேலே விரலை நிறுத்தி, அழுத்தித் தட்டினாள். இங்கே இறங்கணும்.

அவன் இந்தத் தடவை விரலை மெதுவாகக் கொண்டுவந்தான். அவள் காட்டிய இடத்திலேயே நிறுத்தினான். அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு விரலை வைத்தான், அம்மா, அப்பா.

"ஆமாங்க" என்றாள் விஜயலெட்சுமி சத்தமாக, அவனுக்குக் கேட்காது என்பதை மறந்து.